பட்டினிச் சிறையில் எழுதிய சமையல் நோட்டு

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது ஒரு சமையல் நோட்டு. தொழிலாளர் கூட்டத்தில் சமையல் பேச்சா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இந்த நோட்டை எழுதியபோது அந்தப் பெண்களிடம் அடுப்பு இல்லை, மாவு இல்லை, வெண்ணெய் இல்லை. பட்டினி கிடந்துகொண்டே விருந்துச் சமையலை எழுதினார்கள். ஏன் எழுதினார்கள், அது யார் கைக்குப் போயிற்று, அதிலிருந்து ஒரு குடும்பத்தின் சரித்திரத்தை எப்படிப் படிப்பது என்பதுதான் இன்றைய விஷயம்.

ஹிட்லரின் நாஜி ஆட்சி ஐரோப்பாவில் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றது. இந்த எண்ணை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். எண் பெரிதாகப் பெரிதாக அது மனதில் தங்குவதில்லை. 60 லட்சம் என்றால் தையற்காரர் குடும்பம், நெசவாளி குடும்பம், வாத்தியார் குடும்பம், சில்லறைக் கடைக்காரர் குடும்பம் என்று குடும்பம் குடும்பமாகப் பார்க்க வேண்டும். அவர்களுடைய வீட்டைப் பிடுங்கினார்கள், கடையைப் பிடுங்கினார்கள். பல ஊர்களில் கல்லறைக் கற்களைக்கூடப் பெயர்த்தெடுத்துச் சாலைக்குப் போட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு தப்பிப் பிழைத்த ஒரு பிள்ளையோ, பேரனோ, “எங்கள் பாட்டிக்கு எந்த ஊர்? என்ன பாஷை பேசினாள்? எப்படிச் செத்தாள்?” என்று கேட்டால் எதைக் காட்டுவது?

சொத்துக்காரன் வம்சத்துக்குப் பத்திரம் இருக்கும், உயில் இருக்கும், சுவரில் மாட்டிய படம் இருக்கும். உழைப்பாளி வீட்டுச் சரித்திரம் வாய்ச்சொல்லாக வருவது. சொல்லுகிற வாய்களையே மொத்தமாக அடைத்துவிட்டால்?

நாஜிகள் கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரர்கள். ஜெர்மனியில் ஆரோல்சன் என்ற ஊரில் ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. முகாம் பதிவேடு, ரயில் பட்டியல், கட்டாய உழைப்புச் சீட்டு என்று சுமார் 3 கோடி ஆவணங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. பல காலம் பூட்டியே கிடந்து, 2007-ல்தான் ஆராய்ச்சியாளர்களுக்கு அது திறந்துவிடப்பட்டது. ஜெருசலத்தில் யாத் வாஷேம் என்ற நினைவு நிலையம் இறந்தோர் பெயர்களைத் திரட்டிவருகிறது. இதுவரை சேர்ந்தவை சுமார் 50 லட்சம். இவற்றில் தேடினால் பெயர் கிடைக்கலாம், பிறந்த தேதி கிடைக்கலாம், எந்த ரயிலில் ஏற்றினான் என்பது கிடைக்கலாம். கொலைகாரன் எழுதிவைத்த கணக்கில் அதற்கு மேல் என்ன இருக்கும்? பாட்டி வெள்ளிக்கிழமை என்ன சமைத்தாள் என்று அவன் எழுதமாட்டான். அதை அவளே எழுதியிருக்க வேண்டும்.

சமையல் குறிப்பிலிருந்து சரித்திரமா என்றால், ஒரு மீன் பதார்த்தத்தையே எடுத்துக்கொள்வோம். கிழக்கு ஐரோப்பிய யூதர் வீடுகளில் ஓய்வு நாளுக்கும் பண்டிகைக்கும் செய்வது ‘கெஃபில்டே ஃபிஷ்’. மீனை முள் நீக்கி அரைத்து, உருட்டி, வேகவைப்பார்கள். போலந்து யூதர்கள் இதில் சர்க்கரை போடுவார்கள். லித்துவேனியப் பக்கத்து யூதர்கள் மிளகு போடுவார்கள், சர்க்கரை என்றால் அவர்களுக்கு ஆகாது. இந்த இருவரும் பேசிய இத்திஷ் பாஷையிலும் வட்டார வித்தியாசம் உண்டு. மார்வின் ஹெர்சாக் என்ற மொழியறிஞர் அந்தப் பாஷைப் பிரிவின் எல்லையைப் பூகோளப் படத்தில் குறித்துப் பார்த்தார். இனிப்பு மீனும் மிளகு மீனும் பிரிகிற எல்லை ஏறக்குறைய அதே கோட்டில் வந்து நின்றது! காரணம் என்ன என்று கேட்டால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் போலந்துப் பக்கம் பீட்ரூட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகள் பெருகின, சர்க்கரை மலிந்தது என்று சொல்கிறார்கள். ஆலை வந்தது, அடுப்படியில் ருசி மாறிற்று. நியூயார்க்கில் பிறந்த ஒரு பேத்திக்கு ஊர் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். பாட்டி மீனில் சர்க்கரை போட்டாள் என்ற ஒரு ஞாபகம் இருந்தால், எந்தத் திசையில் தேட வேண்டும் என்று தெரிந்துபோகிறது.

அளவுகளும் அப்படித்தான். ஒரு குறிப்பில் “டெக்கா” கணக்கில் மாவும் சர்க்கரையும் சொல்லியிருந்தால், அது பழைய ஆஸ்திரிய–ஹங்கேரி சாம்ராஜ்யத்தின் வழக்கம். ஒரு டெக்கா என்பது 10 கிராம். ஓய்வு நாளில் நெருப்பு மூட்டக்கூடாது என்பது யூத மத விதி. ஆகவே வெள்ளிக்கிழமை மாலையே மொச்சை, பார்லி, கிழங்கு, முடிந்தால் ஒரு துண்டு இறைச்சி எல்லாவற்றையும் பானையில் போட்டு மூடி, ஊர் ரொட்டிக் கிடங்கின் அடுப்பில் கொண்டுபோய் வைப்பார்கள். இரவெல்லாம் அது வேகும். மறுநாள் பகலில் அவரவர் பானையை அவரவர் எடுத்துப் போவார்கள். “ரொட்டிக்காரர் வீட்டுக்கு அனுப்பவும்” என்று ஒரு குறிப்பு முடிந்தால், அந்தத் தெருவே நம் கண்முன் வந்துவிடுகிறது.

இனி நம்முடைய நோட்டுக்கு வருவோம்.

செக்கோஸ்லோவாகியாவில் தெரஸின் என்று ஓர் ஊர். பழைய ஆஸ்திரியக் கோட்டை. 1941 முடிவிலிருந்து நாஜிகள் அதை யூதர்களை அடைக்கும் இடமாக மாற்றினார்கள். 1,40,000 பேருக்கு மேல் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். சுமார் 33,000 பேர் அங்கேயே செத்தார்கள். சுமார் 88,000 பேரைக் கிழக்கே கொலைமுகாம்களுக்கு ரயிலேற்றினார்கள். இதையே வெளியுலகத்துக்கு ஒரு மாதிரி நகரம் என்று விளம்பரம் செய்தார்கள். 1944 ஜூன் 23-ல் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதி பார்வையிட வந்தபோது சுவருக்கு வெள்ளை அடித்து, பூச்செடி நட்டு, குழந்தைகளை விளையாட விட்டுக் காட்டினார்கள். வந்தவரும் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்.

அந்த ஊரில் மீனா பேக்தர் என்ற மூதாட்டி இருந்தார். 1872-ல் பிறந்தவர். வசதியாக வாழ்ந்த குடும்பம். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மகள் ஆன்னி 1939-ல் தன் சிறு மகனோடு பாலஸ்தீனத்துக்குத் தப்பிப் போகும்போது, தாயையும் கூட வரும்படி கெஞ்சினாள். கிழவி மறுத்துவிட்டார். வயதானவர்களை யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று நம்பினார். வயதானவர்களைத்தான் தெரஸினில் முதலில் கொன்றார்கள். துப்பாக்கி தேவைப்படவில்லை, ரேஷனே போதுமானதாக இருந்தது. நாஜிகள் அனுப்பிய உணவு எல்லோருக்கும் போதாது. உள்ளேயிருந்த யூத நிர்வாகக் குழு ஒரு கொடிய கணக்குப் போட வேண்டி வந்தது. உழைக்கிறவனுக்கும் குழந்தைக்கும் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது, கிழவர் கிழவிகளுக்குக் குறைப்பது. 1942 செப்டம்பர் ஒரு மாதத்தில் மட்டும் 3,900 பேருக்கு மேல் அங்கே இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். உருளைக்கிழங்குத் தோலுக்காகக் குப்பையைக் கிளறினார்கள். அந்தக் கணக்குப் போட்டவர்களை இன்று இங்கே உட்கார்ந்து ஏசுவது சுலபம். நாம் ஏச மாட்டோம். கொடுத்தவன் குறைத்துக் கொடுத்தான்; குற்றம் அங்கே இருக்கிறது.

இந்தப் பட்டினியில் அங்கிருந்த பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். இரவில் படுக்கைப் பலகையில் கிடந்துகொண்டு ஒருவருக்கொருவர் சமையல் சொன்னார்கள். “நீ அந்த மாவை அப்படியா பிசைவாய்? எங்கள் வீட்டில் இப்படித்தான்” என்று சண்டைகூடப் போட்டார்களாம். அதற்கு அவர்களே வைத்த பெயர், வாயால் சமைப்பது. மீனா அம்மையார் அவற்றை எழுதிவைத்தார். கிடைத்த தாளில் எழுதி, கையால் தைத்த ஒரு சின்ன நோட்டு. எழுபது எண்பது குறிப்புகள், பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். பழக் கொழுக்கட்டை, லின்ஸ் ஊர்க் கேக், வாத்து இறைச்சி, சாக்லேட் கேக், முட்டைக்குள் பூரணம் வைப்பது என்று எல்லாம் நல்ல நாளைச் சமையல். யுத்தகால இனிப்பு என்று பெயரிட்ட ஒரு சிக்கனக் குறிப்பும் நடுவே இருக்கிறது.

அந்தக் குறிப்புகளை வைத்து இன்று சமைக்க உட்கார்ந்தால் பல சமயம் வராது. ஒன்றில் மாவைச் சொல்ல மறந்திருக்கிறது. ஒன்றில் செய்முறை பாதியில் ஒரு படி தாவிப்போகிறது. வீட்டில் நாற்பது ஐம்பது வருஷம் சமைத்த பெண்களுக்கா இது தெரியாது? பசி மூளையைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு வைத்தியர் எழுதும் நோய்க்குறிப்பைப் போல அந்தத் தப்புகளைப் படிக்க வேண்டும். 1996-ல் இந்த நோட்டு இங்கிலீஷில் புத்தகமாக வந்தபோது, அதை மொழிபெயர்த்தவர் பியாங்கா ஸ்டைனர் பிரவுன். அவரும் தெரஸினில் அடைபட்டிருந்தவர். குறிப்புகளைச் சமையலுக்கு உதவும்படி திருத்தாமல் இருந்தபடியே கொடுத்தார்கள். இது சரியான முடிவு என்பது நம் அபிப்பிராயம். திருத்தியிருந்தால் நல்ல கேக் கிடைத்திருக்கும், சாட்சி போயிருக்கும்.

இதைப் படித்துவிட்டுச் சிலர், “ஆகா, பசியை மன உறுதி வென்றது!” என்று உருகி எழுதுகிறார்கள். நமக்கு அதில் சம்மதமில்லை. பசியை எதுவும் வெல்லவில்லை. மீனா அம்மையார் 1944-ல் யோம் கிப்பூர் அன்று முகாம் ஆஸ்பத்திரியில் பட்டினி நோயில் இறந்தார். யோம் கிப்பூர் யூதர்கள் உபவாசம் இருக்கும் நாள். சாகும் முன்பு அந்த நோட்டை ஆர்தர் புக்ஸ்பாம் என்ற நண்பரிடம் கொடுத்து, “பிழைத்தால் இதை என் மகளிடம் சேர்த்துவிடு” என்று கேட்டுக்கொண்டார். விலாசம் அவரிடம் இல்லை. பாலஸ்தீனம் என்று மட்டும் தெரியும்.

புக்ஸ்பாம் பிழைத்தார். பொட்டலத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார். 1960-ல் உறவுப் பெண் ஒருத்தி இஸ்ரேலுக்குப் போகிறாள் என்று தெரிந்து அவளிடம் கொடுத்தனுப்பினார். அங்கே விசாரித்தால் ஆன்னியும் புருஷனும் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். பொட்டலம் மறுபடி கைமாறிக் கைமாறிப் போயிற்று. கடைசியில் நியூயார்க்கில் செக் நாட்டுக்காரர்கள் கூடிய ஓர் இடத்தில் யாரோ ஒருவர் ஆன்னியின் குடும்பத்தைத் தெரியுமா என்று விசாரிக்க, விலாசம் கிடைத்தது. தாய் செத்து 25 வருஷம் கழித்து மகளுக்குத் தொலைபேசி வருகிறது: உங்கள் தாயார் கொடுத்தனுப்பிய பொட்டலம் என்னிடம் இருக்கிறது! பொட்டலத்தில் நோட்டோடு கடிதங்கள், அம்மையார் எழுதிய சில பாட்டுகள், பேரனோடு அவர் எடுத்துக்கொண்ட ஒரு படம். அதைத் திறந்து படிக்கும் தைரியம் மகளுக்கு வெகுநாள் வரவில்லை.

இதை எத்தனை பேர் சுமந்தார்கள் என்று கவனியுங்கள். யாருக்கும் கூலி கிடையாது. பலர் மீனாவின் முகத்தையே பார்த்ததில்லை.

இனி டைரிக்கு வருவோம். ஆலைத் தோழர்கள் இங்கே கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும், ஏனென்றால் இது ஒரு பஞ்சாலை நகரத்தின் கதை.

போலந்தில் லோட்ஸ் நகரம். நூற்பும் நெசவும் அந்த ஊரை உண்டாக்கின. போலந்தின் மான்செஸ்டர் என்று பெயர். பொஸ்னான்ஸ்கி, ஷைப்ளர் போன்ற பெருமுதலாளிகளின் ஆலைகளும் மாளிகைகளும் ஒரு பக்கம். பலூட்டி என்ற ஏழைப் பேட்டை மறுபக்கம். கைத்தறி நெசவாளிகளும் கூலிக்காரர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1905-ல் ஜார் மன்னனை எதிர்த்து அந்த ஊர்த் தொழிலாளர்கள் தெருவில் தடுப்பரண் கட்டிப் போரிட்டார்கள். 1940-ல் நாஜிகள் யூதர்களை அடைக்க இடம் தேடியபோது இதே பலூட்டியைத்தான் சுற்றி வளைத்துக் கம்பிவேலி போட்டார்கள். சுமார் 1,60,000 பேர் உள்ளே. இப்படி அடைத்து வைத்த பேட்டைக்கு கெட்டோ என்று பெயர். உள்ளே பட்டறை பட்டறையாகத் திறந்து, ஜெர்மன் சேனைக்குச் சட்டை, காலணி, சேணம் எல்லாம் தைக்க வைத்தார்கள். கூலி என்பது ஒரு தட்டுத் தண்ணீர்ச் சூப்பும் ரொட்டிச் சீட்டும். வேலை இருந்தால் சூப், சூப் இருந்தால் உயிர்.

அங்கே தாவித் சியரகோவியாக் என்று ஒரு பையன். யுத்தம் தொடங்கியபோது வயது 15. நல்ல படிப்பாளி, கம்யூனிஸ்ட் வாலிபர் குழுவில் சேர்ந்தவன். பசியோடு மார்க்ஸியம் படித்தான், மற்றவர்களுக்கும் பாடம் எடுத்தான். பிறகு சேணப் பட்டறையில் வேலை. 1939 கோடையிலிருந்து 1943 ஏப்ரல் வரை டைரி எழுதினான். யுத்தம் முடிந்து வீட்டுக்குத் திரும்பி வந்த ஒரு போலந்துக்காரர் அடுப்பருகே அந்த நோட்டுகளைக் கண்டெடுத்தார். ஐந்துதான் மிஞ்சியிருந்தன. மற்றவை குளிர்காய எரிந்து போயிருக்க வேண்டும்.

அந்த டைரியில் பாதி சாப்பாட்டுக் கணக்கு. இன்று எத்தனை டெக்கா ரொட்டி வந்தது, சூப்பில் கிழங்கு இருந்ததா, முள்ளங்கி என்ன விலை. அதே டெக்காதான் தோழர்களே! மீனா அம்மையாரின் நோட்டில் அது சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் அளவு, இந்தப் பையனின் நோட்டில் ரொட்டிக்கு அளவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரு ஜனத்தொகையின் வாயிலிருந்து எவ்வளவு பிடுங்கப்பட்டது என்று தராசு போல் காட்டுகின்றன. லோட்ஸில் ஒரு கட்டத்தில் உருளைக்கிழங்குத் தோல் வேண்டுமென்றால் வைத்தியரின் சீட்டு வேண்டும் என்கிற நிலை வந்தது. அந்தத் தோலை அரைத்து, காப்பி மண்டியைச் சேர்த்துத் தட்டி, கேக் என்று பெயர் சொல்லித் தின்றார்கள். அதுவும் ஒரு சமையல் குறிப்புதான். அடுத்த தலைமுறைக்கு யாரும் சீதனமாகக் கொடுக்க விரும்பாத குறிப்பு.

குடும்பச் சரித்திரம் என்றால் பெருமை மட்டும் என்று நினைக்கிறவர்கள் இந்த டைரியைப் படிக்க வேண்டும். தாவித்தின் தகப்பனார் பசி தாங்காமல் மனைவி மக்களின் ரொட்டிப் பங்கை எடுத்துத் தின்றார். தாயோ தன் பங்கை விட்டுக்கொடுத்து எலும்பாகிப் போனாள். மகன் எல்லாவற்றையும் எழுதுகிறான், கோபத்தோடு எழுதுகிறான். 1942 செப்டம்பரில் நாஜிகள் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும், முதியவர்களையும், நோயாளிகளையும் கேட்டார்கள். அந்த ஒரு வாரத்தில் 15,000 பேருக்கு மேல் பிடித்துக்கொண்டு போய் ஹெல்ம்னோ கொலைமுகாமில் கொன்றார்கள். செப்டம்பர் 5-ல் வீட்டுக்கு வந்த வைத்தியர்கள் தாவித்தின் தாயைப் பார்த்து, பலவீனம் என்று எழுதினார்கள். அவ்வளவுதான். பலவீனமாக்கியவனே வந்து பலவீனத்துக்குத் தண்டனை கொடுத்தான். தகப்பனார் 1943 மார்ச்சில் இறந்தார். தாவித் அதே வருஷம் ஆகஸ்டில் காசநோயில் இறந்தான். வயது 19.

அந்தத் தகப்பனைக் கெட்டவன் என்று சொல்லிவிட்டுப் போகலாமா? நாம் அவசரப்பட மாட்டோம். ரொட்டியை எட்டு நாளைக்கு ஒருமுறை கொடுத்து, நாளைக்கு இது வேண்டுமே என்ற எண்ணத்தோடு மனிதனைப் பக்கத்தில் உட்கார வைத்தால், எத்தனை குடும்பங்கள் உடையாமல் நிற்கும்? குடும்பத்துக்குள்ளேயே சண்டையை மூட்டுவது அந்த ரேஷனின் வேலைகளில் ஒன்று. மகன் எழுதியது உண்மை. அந்த உண்மையைச் சேர்த்தே குடும்பச் சரித்திரத்தை எழுத வேண்டும்.

மூன்றாவது, வார்ஸா. தனி ஒருவர் எழுதியது போதாது, ஊரே எழுத வேண்டும் என்று நினைத்த மனிதர் இங்கே இருந்தார். இம்மானுவேல் ரிங்கல்பிளம், சரித்திர ஆசிரியர். இடதுசாரி பொவாலே சியோன் என்ற தொழிலாளர் கட்சிக்காரர். ராஜாக்களும் ரபிமார்களும் செல்வந்தர்களும் நிறைந்த சரித்திரம் அவருக்குப் பிடிக்காது. சாமானிய ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் அவர் கேள்வி. 1940 நவம்பரில் வார்ஸா கெட்டோவைச் சுவர் வைத்து அடைத்தார்கள்; உள்ளே 4 லட்சம் பேருக்கு மேல். 1941-ல் யூதருக்கு விதித்த ரேஷன் நாளொன்றுக்குச் சுமார் 184 கலோரி, ஜெர்மானியருக்கு 2,600-க்கு மேல். கலோரி என்பது உணவின் சக்தியை அளக்கும் அளவு. 184 கலோரி என்றால் சில துண்டு ரொட்டி. இதை மட்டும் நம்பியிருந்தவன் சாக வேண்டியதுதான். கள்ளத்தனமாகச் சுவர் தாண்டி உணவு கொண்டுவந்த சிறு பிள்ளைகள்தான் பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். பிடிபட்ட பிள்ளைகளைச் சுட்டார்கள்.

ரிங்கல்பிளம் இரகசியமாக ஒரு குழு சேர்த்தார். ஐம்பது அறுபது பேர். சனிக்கிழமைகளில் கூடுவார்கள். அதனால் ‘ஓய்னெக் ஷாபெஸ்’, அதாவது ஓய்வு நாள் மகிழ்ச்சி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வெளியாருக்குச் சந்தேகம் வராது. டைரி, கடிதம், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, ரேஷன் சீட்டு, டிராம் டிக்கெட், மிட்டாய்க் காகிதம் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். மிட்டாய்க் காகிதம் எதற்கு? கெட்டோவுக்குள் மிட்டாய் தயாரித்தவனும் இருந்தான், வாங்கித் தின்னக் காசுள்ளவனும் இருந்தான், அதே கடை வாசலில் குழந்தை செத்தும் கிடந்தது. வர்க்கம் சுவருக்குள்ளும் வர்க்கம்தான். அதை அந்தக் காகிதம் சொல்லும்.

அந்தக் குழுவில் ராகேல் ஆவர்பாக் என்ற பெண் எழுத்தாளர். லெஷ்னோ தெருவில் 40-ம் எண் வீட்டில் ஏழைகளுக்கான சூப்புச் சமையற்கட்டை நடத்தினார். ரிங்கல்பிளம் கேட்டுக்கொண்டதால்தான் வார்ஸாவிலேயே தங்கி அந்தப் பொறுப்பை ஏற்றார். தினம் வரிசையில் நின்றவர்களின் முகங்களை எழுதினார். நேற்று வந்தவன் இன்று வரவில்லை என்று எழுதினார். தன் சூப்பு யாரையும் காப்பாற்றவில்லை, சாவைச் சில வாரங்கள் தள்ளிவைத்தது, அவ்வளவே என்றும் ஒளிக்காமல் எழுதினார். அன்னதானம் செய்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிற கனவான்கள் இந்த அம்மாளைப் படித்தால் நல்லது.

1942 ஜூலை 22-ல் வார்ஸாவிலிருந்து திரெப்லிங்கா கொலைமுகாமுக்கு ரயில்கள் புறப்படத் தொடங்கின. இரண்டு மாதத்தில் சுமார் 2,65,000 பேர். ஆகஸ்ட் தொடக்கத்தில், தெருவில் ஆள்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, இஸ்ரேல் லிக்டன்ஸ்டீன் என்ற பள்ளிக்கூட வாத்தியாரும், தாவித் கிரேபர், நாஹும் கிஷிவாச் என்ற இரு வாலிபர்களும் ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் குழி வெட்டினார்கள். காகிதங்களைப் பத்துத் தகரப் பெட்டிகளில் வைத்துப் புதைத்தார்கள். ஒவ்வொருவரும் தன் பெயரை எழுதி உள்ளே வைத்தார்கள். லிக்டன்ஸ்டீன் தனக்குப் புகழ் கேட்கவில்லை. தன் மனைவி கெலா செக்ஸ்டைன் ஓர் ஓவியர், அவளை நினையுங்கள்; என் பெண் குழந்தை மார்கலித்துக்கு இருபது மாதம், அவளையும் நினையுங்கள் என்று எழுதினார். மனைவி வரைந்த படங்களையும் பெட்டிகளுக்குள் வைத்தார். மூவரும் பிழைக்கவில்லை. இன்று அந்தக் குழந்தையின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால், தகப்பன் தகரப் பெட்டியில் எழுதிப் போட்டதால்.

1943 பிப்ரவரியில் இரண்டு பால் பாத்திரங்களில் இன்னொரு பகுதியைப் புதைத்தார்கள். ஏப்ரல் 19-ல் கெட்டோ ஆயுதம் ஏந்தி எழுந்தது. நாஜிகள் வீடு வீடாகக் கொளுத்தித் தரைமட்டமாக்கினார்கள். ரிங்கல்பிளமும் மனைவியும் மகனும் நகரத்தின் மறுபுறத்தில், ஒரு தோட்டத்துக்கு அடியில் வெட்டிய பதுங்கு குழியில் மேலும் முப்பதுக்கு மேற்பட்டவர்களோடு ஒளிந்திருந்தார்கள். 1944 மார்ச்சில் காட்டிக்கொடுக்கப்பட்டார்கள். அவர்களையும் சுட்டார்கள், அவர்களுக்கு இடங்கொடுத்த போலந்துத் தோட்டக்காரரையும் கொன்றார்கள். அவர் பெயர் மெச்சிஸ்லாவ் வோல்ஸ்கி.

குழுவில் பிழைத்தவர் மூன்றே பேர். ஹெர்ஷ் வாஸர், அவர் மனைவி புளூமா, பிறகு நம் ராகேல் ஆவர்பாக். வாஸருக்கு இடம் தெரியும். ஆனால் இடம் எங்கே? தெருவே இல்லை, செங்கல் மலைதான் இருந்தது. 1946 செப்டம்பரில் தோண்டி எடுத்தார்கள். தகரப் பெட்டிகளில் தண்ணீர் புகுந்து காகிதம் ஊறிப்போயிருந்தது. பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்தினார்கள். 1950 டிசம்பரில் பால் பாத்திரங்களைக் கட்டட வேலைக்காரர்கள் கண்டெடுத்தார்கள். அவற்றில் இருந்தவை நன்றாகவே இருந்தன. மொத்தம் சுமார் 35,000 பக்கங்கள் வார்ஸாவின் யூத சரித்திரக் கழகத்தில் இருக்கின்றன. மூன்றாவது பகுதி இன்னும் கிடைக்கவில்லை. அது புதைந்ததாகக் கருதப்படும் இடத்தில் இன்று சீனத் தூதரகம் இருக்கிறது.

கடைசியாக ஒரு சமையற்காரியின் கதையைச் சொல்லி முடிக்கிறோம். மற்றக் கதைகளில் எழுதியவர்களைப் பார்த்தோம். இவள் எழுதியவள் அல்ல, எடுத்துவைத்தவள்.

யுகோஸ்லாவியாவில் சுபோத்திக்கா என்று ஓர் ஊர். பென்வெஷ் என்ற யூதக் குடும்பம். தகப்பனார் ஹங்கேரிய மொழிப் பத்திரிகையின் ஆசிரியர், தாய் கிளாரா ஓவியர். வீட்டில் மரிஷ் என்ற பெண் சமையல் செய்தாள். 1941-ல் ஹங்கேரி அந்த ஊரைப் பிடித்தது, தகப்பனாரை வேலையிலிருந்து துரத்தினார்கள். யூத வீட்டில் வேலைக்காரர் இருக்கக்கூடாது என்றும் ஆயிற்று. மரிஷும் போக வேண்டியிருந்தது. 1944 வசந்தத்தில் ஜெர்மானியர் வந்தார்கள். குடும்பத்தை வீட்டைவிட்டு இறக்கி ஓட்டிய அன்று, மாடிப்படி நெடுக அண்டை அயலார் வரிசையாக நின்றார்கள். எதற்கு? இவர்கள் இறங்கியதும் உள்ளே புகுந்து கொள்ளையடிக்க! வெள்ளி, கம்பளம், நாற்காலி என்று அள்ளினார்கள். அந்தக் கூட்டத்தில் மரிஷும் புகுந்தாள். அவள் எடுத்தது என்ன? வீட்டு எஜமானியின் கைப்பட எழுதிய சமையல் நோட்டு, அவர் வரைந்த படங்கள். வேறு ஒன்றும் இல்லை.

தாயும் பாட்டியும் ஆஷ்விட்ஸில் இறந்தார்கள். தகப்பனார் உயிரோடு திரும்பினார், உடல் நொறுங்கி, சில மாதங்களில் இறந்தார். மகன் ஸ்டீவனும் அவன் அக்காவும் அனாதைகளாக மிஞ்சினார்கள். மரிஷ் அவர்களிடம் நோட்டையும் படங்களையும் கொண்டுவந்து ஒப்படைத்தாள். தாய் சம்பந்தப்பட்டதாக அவர்களுக்கு மிஞ்சியது அதுதான்.

அந்த நோட்டில் சுமார் 140 குறிப்புகள், ஹங்கேரிய மொழியில். பலவற்றில் சாமான் அளவு மட்டும் இருக்கும், செய்முறை இருக்காது. தினம் சமைக்கிற கைக்குச் செய்முறை எதற்கு? ஸ்டீவன் பென்வெஷ் அமெரிக்காவில் பேராசிரியராகி, வயதான காலத்தில் நோட்டை வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அலோன் ஷாயா என்ற சமையற் கலைஞர் அதை அங்கே பார்த்து, பென்வெஷிடமே மொழிபெயர்த்து வாங்கினார். கொரோனாக் காலத்தில், 2020-ல், வெளியே யாரும் நடமாட முடியாத நாட்களில், தன் வீட்டில் அந்தப் பதார்த்தங்களைச் செய்து, உறைய வைத்துப் பெட்டியில் கிழவருக்கு அனுப்பினார். ருசி பார்த்துக் கிழவர் திருத்தம் சொல்வார், இவர் மறுபடி செய்வார். வால்நட் பருப்புக் கேக், உருளைக்கிழங்கு வட்டம், ரவையைக் கிண்டிக் குச்சி குச்சியாக வெட்டிப் பொரித்தது.

பல வருஷங்களுக்கு முன் மரிஷ் அடுப்படியில் செய்துகொடுத்த அதே ரவைக் குச்சி.